வாட்டர்லாந்தில் மாலைநேரக் கானோப் பயணம்: பெற்றோரை அழைத்துச் செல்ல வழி கேட்கிறேன்

காவிரிக்கரை (மே 19)

அனைவருக்கும் வணக்கம். நான் நெதர்லாந்தின் அம்ஸ்டெல்வேனில் மூன்று ஆண்டுகளாக வசித்து வருகிறேன். தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து என் பெற்றோர் முதன்முறையாக இங்கே வந்திருக்கிறார்கள். ஜூலை இறுதி வரை இருப்பார்கள். அப்பாவுக்கு 66 வயது, அம்மாவுக்கு 60. வந்த இரண்டு வாரங்களுக்குள் பூந்தோட்டம், அருங்காட்சியகம், காற்றாலை என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டேன். எங்கும் கூட்டமாக இருந்ததால் இருவரும் களைத்துப் போய்விட்டார்கள்.

ரயிலில் போகும்போது மட்டும் அப்பா ஜன்னலை விட்டு அகலுவதில்லை. நாற்பது ஆண்டுகள் நெல் பயிரிட்டவர் அவர். புல்வெளிகளுக்கு நடுவே கோடு கிழித்தாற்போல ஓடும் நீர்ப்பாதைகளைப் பார்த்துவிட்டு, "இத்தனை வாய்க்காலுக்கும் தலைமடை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அந்த நீரில் இறங்கிப் போனால்தான் அவருக்கு மனம் நிறையும் என்று தோன்றியது. ஆகவே ஒரு மாலையில் இருவரையும் கானோவில் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். எங்கே போகலாம், எத்தனை மணிக்குப் புறப்படலாம், துடுப்பையே பிடித்தறியாதவர்களுக்கு இது சரிப்படுமா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். அப்பா நன்றாக நீந்துவார். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது.

நாமக்கோழி (மே 19)

வணக்கம். நான் ஆம்ஸ்டர்டாமின் வடபகுதியில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாரத்தில் ஒரு மாலையாவது கானோவில் கழிப்பவன். உங்கள் அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு விடை தெரிந்தால் எங்கே போவது என்பதும் தெளிவாகிவிடும்.

நீங்கள் பார்த்த நீர்ப்பாதைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலைமடை என்று ஒன்று கிடையாது. அவை வயலுக்கு நீர் கொண்டுவர வெட்டப்பட்டவை அல்ல. வயலிலிருந்து நீரை வெளியேற்ற வெட்டப்பட்ட வடிகால்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே இருக்கும் வாட்டர்லாந்து வட்டாரம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருந்த சதுப்புநிலம். நாணலும் பாசியும் மட்கிச் சேர்ந்த பீட் மண் அது. குடியேறிய உழவர்கள் அதைப் பயிர்நிலமாக்குவதற்காக நெடுக வடிகால் வெட்டினார்கள். நீர் வடிந்ததும் மண் சுருங்கியது, காற்றுப் பட்டதும் மட்கிக் குறைந்தது, நிலம் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்தை மீண்டும் ஆழமாக வடிக்க வேண்டியிருந்தது, அதனால் அது மேலும் தாழ்ந்தது. இன்று அந்தப் புல்வெளிகள் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் கீழே கிடக்கின்றன. முதலில் கரை கட்டினார்கள், பிறகு காற்றாலைகளால் நீரை மேலேற்றி வெளியேற்றினார்கள், பிறகு நீராவி இயந்திரத்தால். இப்போது பம்பு நிலையங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: இங்கே தலைமடை இல்லை, கடைமடையில் ஒரு பம்பு இருக்கிறது. கடுங்கோடையில் மட்டும் முறை தலைகீழாகும். அப்போது கிழக்கே உள்ள மார்க்கர்மேர் ஏரியிலிருந்து மதகு வழியாக நீரை உள்ளே விடுவார்கள்.

இதையெல்லாம் கண்ணால் காண்பதற்கு ஏற்ற ஊர் புரூக் இன் வாட்டர்லாந்து. ஆம்ஸ்டர்டாம் மத்திய நிலையத்தின் பின்புறம், 'ஐ' எனப்படும் நீர்ப்பரப்பைப் பார்த்த பக்கத்தில் மாடியில் இருக்கும் பேருந்து நிலையத்திலிருந்து கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஊருக்கு நடுவே ஹாவென்ராக் என்ற சிறிய ஏரி உண்டு. அதன் கரையில் மங்கிய சாம்பல் வண்ணம் பூசிய மரவீடுகள் நிற்கின்றன. ஹாலந்தில் அந்த வண்ணத்துக்கே இந்த ஊரின் பெயரைச் சொல்வார்கள். நீரை ஒட்டி 1656-இல் கட்டப்பட்ட சிறு மண்டபம் ஒன்றும் இருக்கிறது. 1811-இல் நெப்போலியன் இந்த ஊருக்கு வந்துபோனதால் அவன் பெயரால் வழங்குகிறது. ஏரியிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் வீடுகள் மறைந்து, புல்வெளியும் வானமும் மட்டுமே மிஞ்சும்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்தி. தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். படகு வாடகைக்கு விடும் இடத்தில் வரைபடம் தருவார்கள். அதில் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றும் இருக்கும், எட்டுக் கிலோமீட்டர் சுற்றும் இருக்கும். முதன்முறை வருபவர்கள் சுற்றை முடித்தாக வேண்டும் என்று தலைகுனிந்து துடுப்புப் போட்டு, முதுகுவலியோடு திரும்புவதை எத்தனையோ முறை பார்த்து வருந்தியிருக்கிறேன். உங்களுக்கு இரண்டரை மணி நேரத்தில் நான்கு கிலோமீட்டர் போதும். போய், ஒரு நாணல் மறைவில் படகை ஒதுக்கி, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள். நீங்கள் அசையாமல் இருந்தால் பத்தாவது நிமிடத்தில் பறவைகள் உங்களை மறந்துவிடும். இருபதாவது நிமிடத்தில் மாடுகள் கரை வரை வந்து எட்டிப் பார்க்கும். வாட்டர்லாந்து அதற்குப் பிறகுதான் தன்னைக் காட்டும்.

உட்ரெக்ட்வாசி (மே 20)

நாமக்கோழி சொன்னதை மதிக்கிறேன். ஆனால் வயதான இருவருடன் முதன்முறை போகும்போது வாட்டர்லாந்தைத் தேர்ந்தெடுப்பது சரியா என்று ஐயமாக இருக்கிறது. அங்கே மரம் கிடையாது, காற்றைத் தடுக்க எதுவும் கிடையாது. உட்ரெக்டிலிருந்து குரோம்ம ரைன் என்ற சிற்றாற்றில் போய்ப் பாருங்கள். நகர எல்லையைத் தாண்டியதும் அமெலிஸ்வேர்ட் பண்ணைத் தோப்பு வரும். இருபுறமும் பெருமரங்கள் நீருக்கு மேல் கவிந்திருக்கும். அதற்கடுத்த ரைனாவெனில் தேநீர் விடுதி இருக்கிறது, கரையில் ஏறி அப்பம் சாப்பிடலாம். வைக் பை டியூர்ஸ்டேடேயிலிருந்து உட்ரெக்ட் நோக்கி நீரோட்டம் மெல்ல வரும் என்பதால், போகும்போது சற்று எதிர்த்துத் துடுப்புப் போட்டால் திரும்பும்போது ஆறே அழைத்து வந்துவிடும்.

வரலாற்றில் விருப்பம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சிற்றாறுதான் ஒரு காலத்தில் ரைன் நதியின் முதன்மைக் கிளை; ரோமப் பேரரசின் வட எல்லை இதன் கரை வழியே சென்றது. அந்த எல்லைக்கோட்டை 2021-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இன்று இரண்டு படகுகள் ஒன்றையொன்று கடக்கத் தயங்கும் அகலமே உள்ள இடங்கள் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புத் தோன்றுகிறது.

வீடன்_பக்கம் (மே 20)

கீத்ஹோர்ன் என்ற ஊரை யாரும் சொல்லவில்லையே. பகலில் அங்கே கூட்டம் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் மாலை ஆறு மணிக்குப் பிறகு சுற்றுலாப் பேருந்துகள் போய்விடும். ஊரைச் சுற்றியிருக்கும் வீரிபென்-வீடன் தேசியப் பூங்காவின் நீர்ப்பாதைகளில் நீங்களும் நாணலும்தான் இருப்பீர்கள். அங்குள்ள நீர்ப்பரப்புகளும் மனிதர் கையால் உண்டானவையே. எரிபொருளுக்காகப் பீட் மண்ணை நீருக்கடியிலிருந்து வாரி எடுத்து, இடையிடையே விட்ட ஒடுங்கிய திட்டுகளின்மேல் காய வைத்தார்கள். அளவு மீறித் திட்டுகளைக் குறுக்கியதால் 1776, 1825 ஆகிய ஆண்டுகளின் புயல்வெள்ளத்தில் அவை அரித்துப்போய்ப் பெரிய ஏரிகள் உண்டாயின; பேலாக என்ற சிற்றூர் அப்படித்தான் நீருக்குள் போயிற்று. 2002 முதல் நீர்நாய்களை மீண்டும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். நான் ஒரே ஒரு முறை, அந்தி மங்கும் நேரத்தில், ஒன்றின் தலையைப் பார்த்திருக்கிறேன்.

நாமக்கோழி (மே 20)

இரண்டும் அருமையான இடங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் அம்ஸ்டெல்வேனிலிருந்து கீத்ஹோர்ன் போய் மாலைப் பயணம் முடித்துத் திரும்புவதற்குள் நள்ளிரவு ஆகிவிடும். அங்கே ஓரிரவு தங்குவதாக இருந்தால் மட்டும் போகலாம். குரோம்ம ரைனைப் பொறுத்தவரை உட்ரெக்ட்வாசி சொல்வது சரி, காற்று பலமாக இருக்கும் நாளில் அதுவே சிறந்த மாற்று. ஆனாலும் கேள்வி கேட்டவரின் அப்பா உழவர். அவருக்கு மரநிழலைவிட வயலும் வரப்பும்தான் பேசும். வாட்டர்லாந்தில் வேலியே இருக்காது, கவனித்திருக்கிறீர்களா? வடிகால்தான் வேலி. மாடு நீரைத் தாண்டாது. இரண்டு வயல்களை இணைக்கும் மண்பாலத்தில் மட்டும் ஒரு மரக்கதவு தனியாக நிற்கும்; அதன் இரு பக்கமும் சுவரும் இல்லை, கம்பியும் இல்லை. சற்று மேற்கே இல்பர்வெல்ட் பகுதியில் படகில் மட்டுமே சென்றடையக்கூடிய வயல்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே மாடுகளையே தட்டைப் படகில் ஏற்றி மேய்ச்சலுக்குக் கொண்டுபோவார்கள். இதை ஓர் உழவர் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது என்று மனமாரச் சொல்கிறேன்.

இரு_பிள்ளைகளின்_தாய் (மே 21)

எல்லோரும் அழகைப் பற்றியே பேசுகிறீர்கள். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது என்று அவர் எழுதியதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மே மாதம் நாங்கள் நால்வரும் ஒரு கானோவில் போனோம். ஒரு சிறுபாலத்தின் அடியில் என் கணவர் தலையைத் தாழ்த்துவதற்குப் பதிலாகப் பாலத்தின் பலகையைக் கையால் பிடித்தார். படகு முன்னே நகர்ந்தது, அவர் கை பின்னே நின்றது, ஒரு நொடியில் கவிழ்ந்துவிட்டோம். நீரின் ஆழம் இடுப்பளவு கூட இல்லை. ஆனால் அடியில் தரை என்று ஒன்று இல்லவே இல்லை. கூழ் போன்ற சேறுதான். காலை ஊன்றினால் முழங்கால் வரை உள்ளே போகிறது, உருவ முயன்றால் செருப்பு தங்கிவிடுகிறது. வெயில் நன்றாக இருந்தும் நீர் மூச்சை அடைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்ததாலும், இங்குள்ள நீச்சல் வகுப்பில் உடையோடு நீந்தப் பழகியிருந்ததாலும் அவர்கள் எங்களைவிட அமைதியாக இருந்தார்கள். நான்தான் நடுங்கிப் போனேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அம்மாவுக்கு அளவு சரியான லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கி, கரையிலேயே வாரை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் படகில் ஏற்ற வேண்டும். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றால் விடாதீர்கள். சேலை வேண்டாம், கால்சட்டையோ சல்வாரோ அணியட்டும். விழுந்தால் நிற்க முயலாமல் படகைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வாயில் நீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எலி சிறுநீரால் பரவும் காய்ச்சல் இந்த நீரிலும் உண்டு. கோடையின் பிற்பகுதியில் நீர்மேல் நீலப்பச்சைப் படலம் கண்டால் கை வைக்கவே கூடாது. அவருக்கு மனத்தில் அச்சம் இருந்தால் வற்புறுத்தாதீர்கள். சத்தமில்லாத மின்படகு வாடகைக்குக் கிடைக்கிறது, அதில் அகலமான இருக்கை உண்டு.

வள்ளக்காரர் (மே 21)

தங்கையின் எச்சரிக்கை ஒவ்வொரு சொல்லும் உண்மை. நான் வல்வெட்டித்துறையில் பிறந்து 1986-இல் இந்த நாட்டுக்கு வந்தவன். இப்போது பூர்மரெண்டில் இருக்கிறேன். கடலில் வள்ளம் ஓட்டிய குடும்பம் எங்களுடையது. அந்தத் துணிவில் முதன்முறை கானோவில் ஏறி, கரையை விட்டு நகருமுன்பே நீரில் விழுந்தேன். அகலமான வள்ளத்தில் நிற்கலாம், நடக்கலாம். கானோவில் எழுந்து நிற்பதே கூடாது. ஏறும்போது ஒரு கையால் கரையையும் மறு கையால் படகின் விளிம்பையும் பிடித்து, உடலைத் தாழ்த்தி, காலைப் படகின் நடுக்கோட்டில் வைக்க வேண்டும். இதை ஒருமுறை செய்து காட்டினால் எந்த வயதினரும் பழகிக்கொள்வார்கள்.

இங்கே கானோ என்ற சொல்லால் இரண்டு வகையையும் அழைப்பார்கள். மூடிய மேல்தட்டும் இருமுனைத் துடுப்பும் கொண்டது ஒன்று. திறந்த படகும் ஒருமுனைத் துடுப்பும் கொண்ட கனடிய வகை மற்றொன்று. நீங்கள் கேட்க வேண்டியது மூவர் அமரும் கனடிய வகை. அம்மா நடுவில் தாழ்வாக உட்காரட்டும், அப்பா முன்னே, நீங்கள் பின்னே. திசை திருப்புவது பின்னால் இருப்பவரின் பொறுப்பு. முன்னால் இருப்பவர் துடுப்புப் போடாமல் பேசிக்கொண்டு வந்தாலும் படகு போய்ச் சேரும். எதிர்க்காற்றில்தான் புறப்பட வேண்டும், ஏனென்றால் களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ள வேண்டும். பெரும்பாலும் இங்கே காற்று தென்மேற்கிலிருந்து வரும். பகலில் வீசியது சூரியன் சாயும்போது தணியும். மாலைப் பயணத்தின் அருமையே அந்தத் தணிவுதான். கதிர் மறைந்த பிறகும் நீரில் இருந்தால் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று காட்ட வேண்டும் என்பது சட்டம். அப்படி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமைதியாகத் தெரியும் இந்தப் புல்வெளி முழுவதும் 1916 ஜனவரி 13, 14 தேதிகளின் இரவில் கடலுக்குள் கிடந்தது. அப்போது கிழக்கே இருந்தது ஏரி அல்ல. ஸௌடர்ஸே என்ற உள்கடல். புயலில் கரைகள் உடைந்து வாட்டர்லாந்து ஊர்கள் மூழ்கின. அதன் பிறகே பொறியாளர் கொர்னேலிஸ் லேலியின் திட்டம் 1918-இல் சட்டமாகி, 1932-இல் 32 கிலோமீட்டர் நீளமுள்ள அஃப்ஸ்லௌட்டைக் அணை கடலை அடைத்தது. உப்புநீர் நன்னீராயிற்று. நீங்கள் காணப்போகும் அல்லி அதற்குப் பிறகு வந்த வாழ்வு. கடலால் ஊரிழந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், அந்த வடிகால்களில் போகும்போதெல்லாம் அந்த இரவு என் நினைவுக்கு வருகிறது.

பறவைநோக்கி (மே 22)

போவதாக இருந்தால் ஜூன் முதல் வாரத்துக்குள் போய்விடுங்கள். இந்தப் புல்வெளிகளின் உயிரே கருவால் மூக்கன் என்னும் பறவைதான். 2015-இல் நெதர்லாந்தின் தேசியப் பறவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அது. ஈரமான புல்வெளியில் நீண்ட அலகைச் சேற்றில் செருகிப் புழு தேடும். டச்சு மொழியில் அதற்கு குருட்டோ என்று பெயர், அது கத்துவதும் அப்படியேதான் கேட்கும். கோடியக்கரையில் குளிர்காலத்தில் வருவதும் இதே இனம்தான். ஆனால் இங்கே குஞ்சு பொரிப்பவை மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமும் போகின்றன. ஜூன் முடிவதற்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும். புல்லை முன்கூட்டியே இயந்திரத்தால் அறுப்பதாலும் நிலத்தடி நீரைத் தாழ்த்துவதாலும் அவற்றின் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது. எனக்கு இது பெரும் துயரம். ஐரோப்பாவில் முட்டையிடும் கருவால் மூக்கன்களில் மிகப் பெரிய பங்கு இந்தச் சிறு நாட்டைத்தான் நம்பியிருக்கிறது.

அம்மாவுக்குப் பழகிய முகங்களும் இருக்கும். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி, சாம்பல் நாரை ஆகியவை நம் ஊர் ஏரியில் காணும் அதே இனங்கள்தாம். கொண்டை வைத்த ஆள்காட்டி ஒன்று தலைக்கு மேல் சுழன்று கத்தும். நம் ஊர் ஆள்காட்டிக்கு நெருங்கிய உறவு. அது கத்தினால் குஞ்சு அருகில் இருக்கிறது என்று பொருள், உடனே நகர்ந்துவிடுங்கள். சில கிளை வடிகால்களின் முகப்பில் இனப்பெருக்கக் காலத்தில் நுழையக் கூடாது என்ற பலகை இருக்கும். நாணலை உரசிக்கொண்டு போகாதீர்கள், கூடுகள் அதற்குள்தான் இருக்கும். அன்னப் பறவை குஞ்சுகளோடு வழியில் நின்றால் எதிர்க்கரையை ஒட்டி ஒதுங்கிப் போக வேண்டும். சிறகை உயர்த்திக்கொண்டு வந்தால் பின்வாங்க வேண்டும்.

வாரயிறுதிக்குழு (மே 22)

நாங்கள் எட்டுப் பேர் அடுத்த மாதம் இதே வழியில் போவதாக இருக்கிறோம். சிறிய ஒலிபெருக்கி எடுத்துச் சென்று பாட்டுப் போடலாமா? உணவு ஏதேனும் எடுத்துச் செல்லலாமா?

நாமக்கோழி (மே 22)

உணவு தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். எலுமிச்சைச் சாதம் எளிதில் கெடாது, கையிலும் ஒட்டாது. குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பாட்டு மட்டும் வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். திறந்த நீர்மேல் ஒலி வெகுதூரம் போகும். மாலை எட்டு மணிக்கு அங்கே ஒரு மாடு புல்லைக் கடித்து இழுக்கும் ஓசை ஐம்பது அடி தள்ளிக் கேட்கிறது. அதைக் கேட்பதற்காகவே வேலை முடிந்து வருபவர்கள் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன்.

காவிரிக்கரை (ஜூன் 6)

நேற்று மாலை போய்வந்தோம். இங்கே வழிகாட்டிய ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லாமல் என்னால் உறங்க முடியாது என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏழு மணிக்குப் புரூக்கில் படகேறினோம். அம்மாவுக்கு ஜாக்கெட்டைக் கரையிலேயே கட்டிவிட்டேன். முதல் பத்து நிமிடங்கள் இருபுறமும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடியபடி இருந்தார். திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை கேட்டேன், பதில் இல்லை. முதல் பாலத்தின் அடியில் மூவரும் குனிந்தோம், எவரும் பலகையைத் தொடவில்லை. பாலத்தைத் தாண்டியதும் ஒரு நாமக்கோழி நான்கு குஞ்சுகளோடு குறுக்கே போயிற்று. அம்மா கையை எடுத்து அதைச் சுட்டிக்காட்டினார். அதன் பிறகு அவர் விளிம்பைப் பிடிக்கவே இல்லை.

அப்பா துடுப்பை ஒழுங்காகவே போட்டார், ஆனால் பாதி நேரம் நிறுத்திவிட்டுக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் துடுப்பை அடிவரை இறக்கிச் சேற்றை அள்ளி, விரல்களுக்கிடையே தேய்த்து, முகர்ந்து பார்த்தார். "இது வண்டலும் இல்லை, களியும் இல்லை, முழுவதும் மட்கிய வேர்" என்றார். நாமக்கோழி எழுதியதை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். ஆனால் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் அவர் ஒப்புக்கொண்டார். காய்ந்தால் இது கரைந்துதான் போகும், நனைத்தே வைத்திருந்தால் மாடு நிற்க முடியாமல் புதையும், இந்த உழவர்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை அளவில் பிழைக்கிறார்கள் என்று வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

எட்டரை மணி அளவில் காற்று நின்றது. நாணலோரம் படகை ஒதுக்கி, சொன்னபடியே துடுப்புகளை மடியில் வைத்துக்கொண்டோம். நீரில் வானம் அப்படியே இறங்கியிருந்தது. தனியாக நிற்கும் கதவையும் பார்த்தோம். மாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மா அவற்றோடு நம் ஊர் மாட்டிடம் பேசுவது போலவே பேசினார். கருவால் மூக்கன் இரண்டு, கத்திக்கொண்டே வெகு உயரத்தில் போயின. அதை எனக்கு அடையாளம் காட்டியது பறவைநோக்கியின் வரிகள்தாம். ஒன்பதரை மணிக்குத் திரும்பும்போதும் வெளிச்சம் இருந்தது. இந்நேரத்துக்கு ஊரில் இருட்டி மூன்று மணி நேரம் ஆகியிருக்கும் என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். புல்லுக்கு மேல் முழங்கால் உயரத்தில் வெண்பனி படரத் தொடங்கியது. மாடுகளின் கால்கள் மறைந்து உடல்கள் மட்டும் மிதந்தன. மொத்தமே நான்கரைக் கிலோமீட்டர்தான் போயிருப்போம்.

ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது, அப்பா கேட்கச் சொன்னார். புரூக்குக்குத் திரும்பும் வழியில் ஒரு பாலத்தூணில் எண்கள் எழுதிய நீலநிற அளவுப் பலகையைப் பார்த்தோம். நம் ஊர் அணையிலும் மதகிலும் எண்கள் கீழிருந்து மேலே ஏறும். இங்கே மேலிருந்து கீழே போகப் போக எண் கூடுகிறது. அதை எப்படிப் படிக்க வேண்டும், அந்த அளவை யார் முடிவு செய்கிறார்கள்?

வள்ளக்காரர் (ஜூன் 6)

வாசித்து மனம் குளிர்ந்தது. வெண்பனி பற்றி மட்டும் ஒரு வார்த்தை: வானம் தெளிந்த மாலையில் புல்தரை விரைவாகக் குளிர்ந்துவிடும், வடிகால் நீரில் பகல் வெப்பம் தங்கியிருக்கும். அந்த ஈரக் காற்று குளிர்ந்த காற்றோடு கலக்கும்போது பனி பிறக்கிறது. அடர்ந்துவிட்டால் திசை தெரியாமல் போகும். அது கணுக்கால் உயரத்தில் இருக்கும்போதே திரும்பத் தொடங்க வேண்டும். நீங்கள் சரியான நேரத்தில் கரையேறினீர்கள்.

நாமக்கோழி (ஜூன் 7)

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பத்தாண்டுகளாக அந்தப் பலகையைக் கடந்து போகிறேன். நான் அழைத்துச் சென்றவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை.

அந்த எண்கள் ஆம்ஸ்டர்டாம் மட்டம் என்னும் பொது அளவிலிருந்து எவ்வளவு கீழே என்பதைக் காட்டுகின்றன. அந்த மட்டம் சுழியம். ஏறத்தாழ கடல்மட்டத்தோடு ஒத்தது. வாட்டர்லாந்தின் நீர் அதற்குக் கீழேயே இருப்பதால் பலகையில் கீழே போகப் போக எண் பெரிதாகிறது. நீர் 1.50 என்ற எண்ணைத் தொட்டால், மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் கீழே நிற்கிறது என்று பொருள். எவ்வளவில் நிற்க வேண்டும் என்பதை நீர்வாரியம் முறைப்படி முடிவு செய்து வெளியிடுகிறது. இந்த வட்டாரத்துக்குப் பொறுப்பு ஹாலண்ட்ஸ் நோர்டர்குவார்டீர். நாடு முழுவதும் இப்போது இப்படி 21 நீர்வாரியங்கள் உண்டு. அவற்றின் ஆட்சிக்குழுவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும், தனி வரியும் உண்டு. உங்கள் வீட்டுக்கும் அந்த வரிச்சீட்டு வந்திருக்கும். உழவர் நீரைத் தாழ்த்தக் கேட்பார், பறவைகளைக் காப்பவர் உயர்த்தக் கேட்பார், வீட்டுக்காரர் தன் அடித்தள மரத்தூண் அழுகாமல் இருக்க வேண்டும் என்பார். அப்பா சொன்ன அந்த விரற்கடை அளவுக்காகத்தான் வாதம் நடக்கிறது.

சுழியத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி அலுவலகமும் இசைநாடக அரங்கும் சேர்ந்திருக்கும் ஸ்டோபெரா கட்டடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வாட்டர்லோப்ளைன் மெட்ரோ நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே ஒரு தூணின் உச்சியில் வெண்கலக் குமிழ் பதித்திருக்கிறார்கள், அதன் உச்சிதான் சுழியம். அருகிலேயே மூன்று கண்ணாடிக் குழாய்களில் நீர் நிற்கும். இரண்டு குழாய்கள் ஐமாய்டனிலும் ஃப்ளிஸிங்கனிலும் அந்த நேரத்துக் கடல் எவ்வளவு உயரம் என்பதைக் காட்டும். மூன்றாவது, 1953 வெள்ளத்தில் கடல் ஏறிய 4.55 மீட்டர் உயரம்; அதைப் பார்க்க நிமிர வேண்டும். போகும்போது எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நானும் வந்து அப்பாவைச் சந்திக்க ஆசைப்படுகிறேன்.

காவிரிக்கரை (ஜூன் 7)

அடுத்த சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போகிறோம். அப்பா இப்போதே அளவுநாடாவை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டார். அவசியம் வாருங்கள்.